நோட்டீசில் இல்லாத ராஜபார்ட்

கேள்வி: எங்கள் ஊர் அம்மன் கோவில் பங்குனித் திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகம் வைத்தோம். நோட்டீசில் பெரிதாகப் படம் போட்டிருந்த, முருகன் வேடம் கட்டும் ராஜபார்ட் நடிகர் உடல்நலம் சரியில்லை என்று வரவில்லை. மாலை ஐந்து மணிக்கே இது கமிட்டிக்குத் தெரியுமாம். இரவு பத்தரை மணிக்குத் திரை தூக்கும்போதுதான் மைக்கில் சொன்னார்கள். அவருக்குப் பதிலாக யாரோ ஒருவருக்கு வேடம் கட்டிவிட்டார்கள். ஐந்தே பேர் நடிக்கும் நாடகத்தில் முக்கியமானவரே இல்லையென்றால் மிச்சம் என்ன இருக்கிறது? ஒத்திகைகூடப் பார்க்காத ஆளை மேடையேற்றுவது ஏமாற்று வேலை அல்லவா? நாங்கள் கூச்சல் போட்டோம். பாதிக் கூட்டம் அப்போதே எழுந்து போய்விட்டது. இதற்காகவே சென்னையிலிருந்து வந்த நானும் எழுந்துவிட்டேன். விடிந்ததும் கமிட்டியார் மாற்று நடிகரின் சம்பளத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள்; அது நியாயம்தான். இதில் எங்கள் பக்கம் தவறு உண்டா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தேவகோட்டை வட்டாரம்

பதில்: உண்டு. தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வந்தவர் எந்த ஊர்க்காரர், எத்தனை கட்டைச் சுருதியில் பாடினார், விருத்தத்தை எப்படி எடுத்தார், கிழவர் வேடத்தில் வந்து வள்ளியிடம் தேனும் தினைமாவும் கேட்கும் இடத்தை எப்படி நடத்தினார் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. இருக்கவும் முடியாது. வள்ளி திருமணத்தில் பபூனும் டான்ஸும் தங்கள் பங்கை முடித்து, நாரதர் வந்து, வள்ளி ஆலோலம் பாடிக் குருவி விரட்டி, இருவரும் தர்க்கம் செய்து ஓய்ந்த பிறகுதான் ராஜபார்ட் மேடைக்கு வருவார். அதற்குள் நள்ளிரவு தாண்டி வெகுநேரம் ஆகியிருக்கும். தாங்கள் எழுந்ததோ பத்தரை மணிக்கு. ஒரு சொல்கூடக் கேட்காத குரலுக்குத் தாங்கள் தண்டனை கொடுத்திருக்கிறீர்கள்.

‘ஒத்திகைகூடப் பார்க்காத ஆள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நம் திருவிழாப் பொட்டல்களில் நடக்கும் நாடகத்துக்கு ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று பெயர் வந்ததற்குக் காரணமே, அதில் நடிப்பவர்கள் ஒரு கம்பெனியைச் சேர்ந்தவர்களாக இல்லாமல், மதுரையிலிருந்து ஒருவர், புதுக்கோட்டையிலிருந்து ஒருவர், திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் என்று தனித்தனியாக ஒப்பந்தம் பேசி அழைக்கப்படுவதுதான். அவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதே பெரும்பாலும் அன்று இரவு அரிதாரம் பூசும் இடத்தில்தான். நோட்டீசில் படம் போட்டிருந்த அந்த ராஜபார்ட் வந்திருந்தாலும் ஒத்திகை பார்த்திருக்க மாட்டார். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துக்கொடுத்த பாட்டும் விருத்தமும் வசனமும் எல்லோருக்கும் பொதுவான பாடமாக நெஞ்சில் இருப்பதால்தான், நேற்றுவரை அறிமுகமில்லாத ஐந்து பேர் விடிய விடிய ஒரு நாடகத்தை நடத்த முடிகிறது. ஆகவே, ஒத்திகை இல்லாததை வந்தவர்மீது மட்டும் குற்றமாகச் சுமத்துவது பொருந்தாது.

சுவாமிகள் காலத்திலேயே ஆள் மாற்றம் நாடகத் தொழிலின் அன்றாடக் கவலையாக இருந்தது. பெரியவர்களின் ஒழுங்கீனத்தால் மனம் வெறுத்து அவர் சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்த முனைந்ததும், 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியதும் நாடக வரலாறு அறிந்தவர்களுக்குத் தெரியும். பின்னாளில் நாடகத்தில் பெயர்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் பயின்றது அங்கேதான். ஆனால் சிறுவர்களுக்கு மகரக்கட்டு என்ற ஆபத்து உண்டு. நேற்று வரை ஐந்தரைக் கட்டையில் கணீரென்று பாடிய பையனுக்கு இன்று குரல் உடைந்துபோகும். அந்த வேடத்தில் இன்னொரு பையன் நின்றாக வேண்டும். அப்படி இன்னொருவன் பாடத்தை நெட்டுருப் போட்டு வைத்திருந்ததால்தான் பாய்ஸ் கம்பெனிகள் ஊர் ஊராக நடந்தன.

ஐந்து பேர் நாடகத்தில் ஒருவர் மாறினால் எல்லாமே மாறிவிடும் என்று தாங்கள் சொல்வது மெய்தான். ஐம்பது பேர் நடிக்கும் நாடகத்தில் புதியவர் கூட்டத்தோடு கூட்டமாக மறைந்துகொள்ளலாம். இங்கே மறைய இடமில்லை. ஆனால் அந்தச் சுமை முதலில் விழுவது பார்ப்பவர்மீது அன்று, மேடையில் நிற்பவர்கள்மீது. அதை நான் பதின்மூன்று வயதில் கண்ணால் கண்டேன். பள்ளத்தூரை அடுத்த எங்கள் ஊரில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, இதே வள்ளி திருமணம்தான். அன்று வராதவர் வள்ளியாக நடிக்கும் ஸ்திரீபார்ட். புதுக்கோட்டையிலிருந்து கடைசி பஸ்ஸில் வேறொரு பெண் வந்து இறங்கினார். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில்தான் வேடம் கட்டுவார்கள். நாங்கள் பையன்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கவிழ்த்த தகரப் பெட்டியின்மேல் அவர் உட்கார்ந்திருந்தார். யாருக்கோ தைத்த ரவிக்கை அவருக்குத் தொளதொளவென்று இருந்ததால், டான்ஸ் ஆடும் பெண் அவருடைய முதுகுப் பக்கம் ஊக்கு ஊக்காகக் குத்திக்கொண்டிருந்தார். ஆர்மோனியக்காரர் வந்து, “எத்தனை கட்டைம்மா?” என்று கேட்டார். “நாலரை அண்ணே.” வழக்கமாக வருபவருக்கு ஐந்தரை. ஆர்மோனியக்காரர் ஒரு நொடி யோசித்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நாரதர் வேடக்காரர் வந்து, தர்க்கத்தை எந்த இடத்தில் முடிக்கலாம் என்று கேட்டார். “நீங்க எங்க விட்டாலும் புடிச்சுக்கிறேன்” என்றார் அந்த அம்மாள். ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட இல்லை; அவர்களுக்கு வாய்த்த ஒத்திகை அவ்வளவுதான்.

வெளியே தங்கள் ஊரில் நடந்ததே நடந்தது. ஆள் மாற்றத்தை அறிவித்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு பலர் எழுந்தார்கள். என் அப்பத்தா மட்டும், “உக்காருங்கப்பா, வந்த புள்ள வாயத் தொறக்கட்டும்” என்று முன்னால் நின்று மறைத்தவர்களை அதட்டினார். ஆலோலத்தின் முதல் அடி கம்மலாகத்தான் வந்தது. சுருதி இறங்கியிருந்ததால் பழகிய காதுக்கு அந்தப் பாட்டே வேறு பாட்டாகத் தோன்றியது. மூன்றாவது முறை அதே அடியை எடுத்தபோது கூட்டத்தில் பேச்சு நின்றது. தர்க்கத்தில் நாரதர் திருப்புகழிலிருந்து ஓர் அடியை வீச, அந்த அம்மாளுக்குப் பதில் வரவில்லை. வாய் திறந்தபடியே நின்றார். மிருதங்கக்காரர் அதைப் பார்த்துவிட்டு, ஏதோ திட்டமிட்டதுபோல ‘தீர்மானம்’ என்னும் முத்தாய்ப்பை நீளமாக வாசித்து அந்த இடைவெளியை அடைத்தார். அது முடிவதற்குள் அந்த அம்மாளுக்குக் கந்தர் அலங்காரத்திலிருந்து ஓர் அடி கிடைத்துவிட்டது. சுக்குக் காபிக் கடை ஓரத்தில் சுருட்டிய பாயோடு நின்றவர்களில் சிலர் அப்போது பாயை விரித்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். இத்தனைக்கும், அடுத்த ஆண்டு நோட்டீசில் பழைய நடிகையின் படமே இருந்தது. இவரை எங்கள் ஊர் மறுபடி அழைக்கவில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

மாற்று நடிகர் என்றால் தரம் குறைந்தவர் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததென்று எனக்கு விளங்கவில்லை. அண்ணா எழுதிய ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் சிவாஜி வேடம் முதலில் எம்.ஜி.ஆருக்கென்று பேசப்பட்டிருந்தது. அவர் நடிக்கவில்லை என்றானபின், வி.சி. கணேசன் என்ற இளைஞர் அந்த நெடிய வசனங்களைக் குறுகிய அவகாசத்தில் மனப்பாடம் செய்து மேடையேறினார். பார்த்த பெரியார் அவரைச் ‘சிவாஜி’ என்றே அழைத்தார். அன்று அரங்கில் இருந்தவர்கள் ‘முதலில் சொன்ன ஆள் இல்லையே’ என்று எழுந்து போயிருந்தால் அவர்கள் எதை இழந்திருப்பார்கள் என்பதைத் தாங்களே எண்ணிப் பாருங்கள். அது இசை நாடகம் அன்று என்பீர்களானால், நியூயார்க்கில் 1960 மே மாதம் தொடங்கி 2002 ஜனவரி வரை ஒரே சிறிய அரங்கில் 17,162 முறை நடந்த ‘தி ஃபென்டாஸ்டிக்ஸ்’ இசை நாடகத்தையே சொல்கிறேன். அதில் நடிப்பவர்கள் எட்டுப் பேரளவில்தான். பக்கவாத்தியம் பியானோவும் ஹார்ப்பும் மட்டுமே. ஏறத்தாழ நாற்பத்திரண்டு ஆண்டு ஓடிய நாடகத்தில் முதல்நாள் நடித்தவர்களே கடைசி நாளும் நடித்திருக்க முடியாது. ஆள் மாறிக்கொண்டே இருந்தது. நாடகம் நிலைத்தது அந்த மாற்றத்தால்தான்.

தங்கள் ஏமாற்றத்தை நான் மறுக்கவில்லை. பிடித்த நடிகரைக் கேட்க வேண்டும் என்று அத்தனை தூரம் பயணம் செய்து வந்தவருக்கு வருத்தம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடம் கமிட்டி. மாலை ஐந்து மணிக்குத் தெரிந்த செய்தியை, கூட்டம் கலைந்துவிடுமோ என்று பயந்து ஐந்தரை மணி நேரம் மூடி வைத்தது அவர்கள். அமெரிக்க நடிகர் சங்கத்தின் ஒப்பந்தப்படி, பிராட்வே என்னும் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளில் முக்கிய வேடக்காரர் மாறினால், நிகழ்ச்சி நிரலுக்குள் ஒரு துண்டுச் சீட்டு, முகப்பில் அறிவிப்புப் பலகை, திரை தூக்குமுன் ஒலிபெருக்கி அறிவிப்பு ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். தலைப்புக்கு மேலே பெயர் போட்டு விளம்பரம் செய்த நடிகரே வராவிட்டால், சீட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் வழக்கமும் அங்கே உண்டு. தங்கள் ஊரில் சீட்டு இல்லை. திருவிழாவுக்காக வீட்டுக்கு வீடு வாங்கும் புள்ளி வரியோ தலைக்கட்டு வரியோ கொடுத்திருப்பீர்கள். அந்த உரிமையில் கமிட்டியிடம் கணக்குக் கேளுங்கள். நோட்டீசில் இருந்த நடிகருக்குப் பேசிய தொகை எவ்வளவு, வந்தவருக்குப் பேசியது எவ்வளவு, மிச்சம் எங்கே என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்காமல், செய்தியை மறைத்தவர்களே நாடகத்தைக் காப்பாற்ற வந்தவரின் கூலியைப் பிடித்துக்கொண்டதை நியாயம் என்று தாங்கள் எழுதியிருப்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

ஒரு ராஜபார்ட் நடிகருக்குத் தை தொடங்கி ஆடி வரைதான் பிழைப்பு. திடீரென்று கூப்பிட்டதும் கிளம்பி வந்தவருக்கு அன்று இரவு முன்பணம்கூடக் கிடைத்திருக்காது. பாதிப் பொட்டல் காலியாகக் கிடக்க, கூச்சல் போட்டவர்கள் முகம் நினைவில் இருக்க, அவர் விடியும்வரை நின்று முருகனாகவும் வேடனாகவும் கிழவராகவும் மாலை மாற்றும் காட்சிவரை பாடி முடித்திருக்கிறார். வேலையை முழுதாகச் செய்தவருக்குப் பாதிக் கூலி என்பது எந்த ஊர் வழக்கம்?

நாடகத்தை ஏற்பாடு செய்த ஏஜெண்டிடம் அவருடைய முகவரி இருக்கும். பிடித்த தொகையைக் கமிட்டி இந்த மாதத்துக்குள் அனுப்பி வைக்கட்டும். மறுத்தால், அன்று எழுந்து போன தாங்களும் தங்கள் நண்பர்களும் சேர்ந்து அனுப்புங்கள். வரும் பங்குனிக்கு அவருக்கே தேதி கொடுத்து, நோட்டீசில் அவர் படத்தைப் போடுங்கள். தாங்களும் சென்னையிலிருந்து வந்து முருகன் மேடைக்கு வரும்வரை உட்கார்ந்திருந்து, அவர் எப்படிப் பாடினார் என்று எனக்கு எழுதுங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.