பித்தநாளப் புற்றுநோய் ஆய்வு: மகளின் விருப்பமும் உங்கள் கவலையும்

மதிப்பிற்குரிய அம்மா,

உயிரித் தொழில்நுட்பம் முடித்த உங்கள் மகள் பித்தநாளப் புற்றுநோயில் நிகழும் எபிஜெனெடிக் மாற்றங்களை ஆராய விரும்புவதாகவும், இவ்வளவு குறுகிய துறையை நம்பிப் பிழைக்க முடியுமா என்று நீங்கள் அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நோய் அரிதானதுதான்; ஆனால், அதன் வழியாக அவர் பழகப்போகும் வேலை அரிதானதன்று.

எபிஜெனெடிக் மாற்றங்கள் என்பவை இவைதாம்: டி.என்.ஏ.வின் எழுத்துகள் மாறாமலே, அதன்மேல் ஒட்டும் மெத்தில் என்னும் சிறு வேதிக் குறிகளும், அது சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மாற்றங்களும் எந்த மரபணு இயங்கும், எது அடங்கும் என்பதை முடிவு செய்கின்றன. கல்லீரலுக்குள் தோன்றும் பித்தநாளப் புற்றுநோயில், ஒரு பகுதியினருக்கு ஐ.டி.எச்.1 என்ற மரபணு திரிந்துபோகிறது. அந்த மரபணுவிலிருந்து உருவாகும் திரிந்த நொதி 2-ஹைட்ராக்ஸிகுளூட்டரேட் என்னும் பொருளைச் சுரந்துகொண்டே இருக்க, அப்பொருள் மெத்தில் குறிகளை அகற்ற உதவும் டெட் நொதிகளை முடக்குவதால், குறிகள் அளவு மீறிச் சேர்ந்து, செல்கள் முதிர்ச்சியடைவது தடைபடுகிறது. இத்தகைய நோயாளிகளில் ஏற்கெனவே சிகிச்சை பெற்றவர்களுக்காக, அந்த நொதியைத் தடுக்கும் ஐவோசிடெனிப் மாத்திரைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021-இல் ஒப்புதல் அளித்தது. செல்லுக்குள் கண்ட ஒரு வேதிப்பிழை மருந்தாக நோயாளியின் கைக்கு வந்த இந்த வரலாற்றைப் படித்துத்தான் மகளுக்கு ஆசை பிறந்திருக்கும் என்றால், அந்த ஆசையை நான் மிகவும் மதிக்கிறேன்.

அன்றாட வேலையையும் சொல்லிவிடுகிறேன். திசுவிலிருந்து பிரித்த டி.என்.ஏ.வை பைசல்ஃபைட் என்ற வேதிப்பொருள் கொண்டு பதப்படுத்தினால், டி.என்.ஏ. எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின், மெத்தில் குறியில்லாதபோது யுராசில் என்ற வேறோர் எழுத்தாக மாறிவிடும். குறியுள்ளது அப்படியே நிற்கும். அந்த வேறுபாட்டை வரிசையறியும் கருவி படித்துத்தர, எஞ்சிய மாதங்கள் கணினியின் முன்னே, புள்ளியியலோடும் ஆர், பைதான் நிரல்களோடும் கழியும். இதே திறன் ரத்தப் புற்றுநோய் ஆய்வுக்கும், நோயறி சோதனைக் கூடங்களுக்கும், மருந்து நிறுவனங்களுக்கும் தேவைப்படுகிறது. நிரல் எழுதுவதில் மகளுக்கு வெறுப்பு இருந்தால் மட்டும் இப்போதே யோசிக்க வேண்டும்.

என் கவலை வேறு. அரிதான நோய் என்பதால் திசு மாதிரிகள் எளிதில் கிடைப்பதில்லை. அறுவை மருத்துவரோடும் நோயியல் மருத்துவரோடும் இணைந்து இயங்காத ஆய்வகத்தில் சேர்ந்தால், மாதிரிக்காகக் காத்திருந்தே ஆண்டுகள் ஓடிவிடும். ஆகவே, முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும் முன், அந்த ஆய்வகத்தில் எத்தனை மாதிரிகள் கைவசம் உள்ளன, உதவித்தொகை எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி, முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே பணிபுரிகிறார்கள் என்பவற்றை அங்குள்ள மூத்த மாணவர்களிடமே மகள் நேரில் கேட்கட்டும். முடிந்தால், ஆறு மாதம் திட்டப் பணியாளராக அங்கேயே வேலை பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.