‘ரேழி’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? தெலுங்குச் சொல்லா?

இல்லை, தமிழ்தான். ‘இடைகழி’ பேச்சில் தேய்ந்து ரேழியானது. ‘அகத்துக்காரர்’ ஆத்துக்காரர் ஆனதுபோல நடுவிலுள்ள ககரம் கரைந்து ‘இடேழி’. டகரம் ரகரமாகி ‘இரேழி’. ‘இரண்டு’ ரெண்டானதுபோல முதல் இகரமும் போய் ரேழி.

இடை என்றால் நடு, கழிதல் என்றால் கடந்துபோதல். பழைய வீட்டில் திண்ணை தாண்டி நிலைப்படியில் கால் வைத்ததும், கூடத்துக்குப் போகும்வரை உள்ள குறுகலான, அரையிருட்டான நடை அது. பொய்கையாழ்வார் திருக்கோவலூர்ப் பெருமாளை, வாசலைக் கடந்து வெளியே போகாமலும் உள்ளே புகாமலும் இடைகழியைப் பற்றி நிற்பவராகப் பாடுகிறார். அகராதிகூட இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது! முதலாழ்வார் மூவரும் மழையிரவில் ஒதுங்கியதாகச் சொல்லப்படும் இடமும் அங்குள்ள ஓர் இடைகழிதான். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்பதே அதன் அளவு.

பலர் தாழ்வாரத்தையும் ரேழி என்கிறார்கள், தவறு. தாழ்வாரம் முற்றத்தைச் சுற்றிச் சரிவுக் கூரையோடு இருப்பது, ஒரு பக்கம் திறந்தது. ரேழிக்கு இருபுறமும் சுவர் அல்லது அறை.

ஆஸ்பத்திரி காரிடாரை ரேழி என்றால் யாருக்கும் புரியாது. அங்கே ‘நடைவழி’ போதும்.