ஒரு ஃபயர்பால், இரண்டு புத்தகங்கள், நாற்பது நிமிட வாக்குவாதம்

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் மேசை விளையாட்டு) ஆடுகிறோம். நான்தான் டஞ்சன் மாஸ்டர் (கதையை நடத்தி, எதிரிகளை ஆட்டுவித்து, விதித் தீர்ப்பும் சொல்பவர்). சென்ற ஆட்டத்தில், ஐந்தாம் நிலை விஸார்டாக (மந்திரவாதியாக) ஆடும் நண்பர் ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்தை வீசினார். எதிரி மந்திரவாதி, பிறர் மந்திரத்தை முறிக்கும் கவுன்ட்டர்ஸ்பெல் போட்டான், மந்திரம் வீணாயிற்று என்றேன். “எனக்கு சேவிங் த்ரோ உண்டு, ஸ்லாட்டும் போகாது” என்று அவர் விதிப் புத்தகத்தைத் திறந்தார். (சேவிங் த்ரோ என்பது பாதிப்பிலிருந்து தப்ப உருட்டும் பகடை; ஸ்லாட் என்பது மந்திரம் போட ஒரு நாளில் கிடைக்கும் வாய்ப்பு.) நாற்பது நிமிடம் வாக்குவாதம். பாதிச் சண்டையோடு கலைந்துவிட்டோம். இன்னொரு நண்பர் இனி வரவே யோசிக்கிறார். டஞ்சன் மாஸ்டர் சொல்வதே இறுதி என்று அறிவித்துவிடலாமா?

பதில்: அறிவிக்கலாம். ஆனால் அன்று நீங்கள் சொன்னதும் சரி, அவர் சொன்னதும் சரி. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில், கவுன்ட்டர்ஸ்பெல் மூன்றாம் நிலை வரையிலான மந்திரங்களைப் பகடையே உருட்டாமல் முறித்துவிடும். ஃபயர்பால் மூன்றாம் நிலை மந்திரம்தான்; ஸ்லாட்டும் செலவாகிவிடும். 2024-இல் திருத்தி வெளியிட்ட புத்தகத்தில் இது மாறிவிட்டது. மந்திரம் போடுபவர் கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) சேவிங் த்ரோ உருட்டுவார்; தோற்றால் மந்திரமும், தன் முறையில் செய்யக் கிடைக்கும் முக்கியச் செயலான அந்த ஆக்‌ஷனும் வீண், ஆனால் ஸ்லாட் அவரிடமே இருக்கும். உங்கள் மேசையில் இரண்டு புத்தகங்களும் இருந்திருக்கின்றன. எதை வைத்து ஆடுகிறோம் என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை.

எனவே முதல் வேலை, ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது. எதுவானாலும் சரி, பாதி அது பாதி இது என்று மட்டும் வேண்டாம். மருந்துக் குப்பியிலும் இதே குழப்பம் வரும்: 2014 விதியில் அதைக் குடிக்க முழு ஆக்‌ஷன் வேண்டும், 2024-இல் அதே முறையில் கூடுதலாகக் கிடைக்கும் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷனே போதும். கணினி விளையாட்டிலிருந்து வருபவர்கள் வேறொரு பழக்கத்தையும் கொண்டுவருவார்கள். பால்டர்ஸ் கேட் 3-இல் பூட்டைத் திறக்கும்போதோ பொய் சொல்லும்போதோ இருபது முகப் பகடையில் இருபது விழுந்தால் தானாகவே வெற்றி. புத்தகத்தில் அந்தச் சலுகை தாக்குதலுக்கு மட்டுமே. உங்கள் குழுவுக்கு அது பிடித்திருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டு விதி என்று எழுதிவையுங்கள்.

இனி, ‘நான் சொல்வதே இறுதி’ என்பதற்கு வருகிறேன். அந்த அதிகாரம் ஆட்டம் நிற்காமல் இருக்கத்தான். நீங்கள் சொன்னது சரி என்று நிரூபிக்க அல்ல. உங்கள் நண்பரின் கோபத்தையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தாம் நிலை விஸார்டுக்கு மூன்றாம் நிலை மந்திரங்களுக்கான ஸ்லாட் இரண்டே இரண்டு. ஒன்று போனால் அன்றைய பெரிய பலத்தில் பாதி போயிற்று. அதைப் பறித்த மந்திரவாதியை ஆட்டுவித்தவர் நீங்கள், தீர்ப்பு சொன்னவரும் நீங்கள். பந்து வீசுபவரே நடுவராகவும் நின்று அவுட் கொடுத்தால், அது நேர்மையான அவுட்டாக இருந்தாலும் மட்டையாளருக்கு உறுத்தும். ஆகவே என் ஆலோசனை: விதி தெளிவாக இல்லாமல், தீர்ப்பு நீங்கள் ஆட்டுவிக்கும் அசுரனுக்குச் சாதகமாக விழும் இடங்களில் விளையாடுபவர் பக்கம் சாயுங்கள். உங்களுக்கு அசுரர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் வருவார்கள்; அவருக்கு இருப்பது ஒரே கதாபாத்திரம்.

மேசையில் சச்சரவு எழுந்தால், இரு தரப்பும் ஒரு முறை பேசட்டும். இரண்டு நிமிடத்துக்குள் முடிவைச் சொல்லி, ஒரு தாளில் குறித்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடருங்கள். அடுத்த ஆட்டத்துக்கு முன் புத்தகத்தைப் பார்த்து, இனி இப்படித்தான் என்று சொல்லுங்கள். அந்த விதி அசுரர்களுக்கும் பொருந்த வேண்டும். நடந்து முடிந்ததைத் திருப்பிப் போடாதீர்கள். ஒரு முறை திருப்பினால் ஒவ்வொரு வாரமும் மேல்முறையீடு வரும். இதற்கு ஒரே விதிவிலக்கு, கதாபாத்திரத்தின் உயிர் அந்த விதியில் தொங்கும்போது. அப்போது பத்து நிமிடம் போனாலும் பரவாயில்லை, நிறுத்திப் புத்தகத்தைப் பாருங்கள்.

விதிகளை விரல்நுனியில் வைத்திருக்கும் அந்த நண்பரைத் தொல்லை என்று முடிவுகட்டுவதற்கு முன், தனக்குப் பாதகமான விதியையும் அவர் எடுத்துச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். சொல்கிறார் என்றால் உங்களுக்குப் பெரிய துணை கிடைத்திருக்கிறது. மற்றவர்கள் ஆடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தைத் தேடும் வேலையை அவரிடமே ஒப்படையுங்கள். தனக்கு லாபமானதை மட்டுமே நினைவில் வைத்திருப்பவர் என்றால், எந்தப் புத்தகமும் அதைத் தீர்க்காது. அவரிடம் தனியே பேசுங்கள், மேசையில் வேண்டாம்.

அந்த ஃபயர்பாலைப் பொறுத்தவரை, நடந்ததைத் திருப்ப வேண்டாம் என்ற விதி இனி வருபவற்றுக்குத்தான். புத்தகம் எது என்றே பேசாமல் ஆடிய ஆட்டம் அது. சண்டையும் பாதியில் நிற்கிறது. மந்திரம் முறிந்தது முறிந்ததாகவே இருக்கட்டும், ஸ்லாட்டை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆட்டத்தைத் தொடங்குங்கள். வர யோசிக்கும் நண்பரைக் குழுவில் எல்லோர் முன்னிலையிலும் கேட்காமல், தனியே அழைத்து என்ன பிடிக்கவில்லை என்று கேளுங்கள். பெரும்பாலும் கவுன்ட்டர்ஸ்பெல் என்று சொல்லமாட்டார். அந்த நாற்பது நிமிடமும் தன் முறை வரவே இல்லை என்பார்.