3,000 சொற்களின் பட்டியலை மூடி வையுங்கள்: எஸ்.ஏ.டி. தேர்வுக்கு ஆங்கிலச் சொல்வளம்

கேள்வி: பள்ளி இறுதியாண்டு படிக்கிறேன். அமெரிக்கக் கல்லூரியில் சேர எஸ்.ஏ.டி. தேர்வு எழுதப் போகிறேன். இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. 3,000 கடினமான ஆங்கிலச் சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு தினமும் 40 சொல் மனப்பாடம் செய்கிறேன். ஒரு வாரத்தில் பாதி மறந்துவிடுகிறது. மறக்காத சொல்லும் மாதிரித் தேர்வில் கைகொடுப்பதில்லை. என்ன செய்வது?

பதில்: தினமும் 40 சொல் என்பது சின்ன உழைப்பு இல்லை. அது இந்தத் தேர்வு கேட்காத ஒன்றுக்குச் செலவாகிறதே என்பதுதான் என் வருத்தம்.

இதுபோன்ற நீண்ட பட்டியல்கள் பழைய தேர்வின் மிச்சம். ஒரு காலத்தில் எஸ்.ஏ.டி.யில் அரிய சொற்களை ஜோடி சேர்க்கும் ஒப்புமைக் கேள்விகள் இருந்தன. 2005-இல் அவற்றை எடுத்துவிட்டார்கள். இப்போது கணினியில் நடக்கும் தேர்வில் வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த ஒரே பகுதி இரண்டு பாகமாக வருகிறது. ஒவ்வொன்றிலும் 27 கேள்வி, 32 நிமிடம். சொல் பற்றிய கேள்விகள் பாகத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும். ஒரு சிறு பத்தி, அதில் ஒரு வெற்றிடம், கீழே நான்கு சொற்கள். மிகப் பொருத்தமான, மிகத் துல்லியமான சொல் எது என்று கேட்பார்கள். சில கேள்விகளில் பத்தியில் உள்ள ஒரு சொல்லைக் காட்டி, இந்த இடத்தில் இதற்கு என்ன பொருள் என்பார்கள்.

‘துல்லியமான’ என்பதைக் கவனியுங்கள். தமிழில் உங்களுக்கு இது ஏற்கெனவே கைவந்த விஷயம்தான். சிக்கனம் என்கிறோம், கஞ்சத்தனம் என்கிறோம். இரண்டிலும் பணம் செலவாவதில்லை. ஆனால் ஒன்று பாராட்டு, மற்றது பழிப்பு. ஆங்கிலத்தில் ‘ஃப்ரூகல்’, ‘மைசர்லி’ இரண்டுக்கும் இதே வேறுபாடு. பட்டியலில் இரண்டுக்கும் நேரே ‘செலவு செய்யாத’ என்று போட்டிருந்தால் நீங்கள் படித்தது பாதிச் சொல். ‘நோட்டோரியஸ்’ என்பதற்குப் ‘புகழ்பெற்ற’ என்று எழுதி வைத்துக்கொண்டு, ஒரு நல்ல விஞ்ஞானியைப் பற்றிய பத்தியில் அதைத் தேர்ந்தெடுத்துத் தவறிய மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கெட்ட பெயருக்கு உரிய சொல். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளோடு, அது பாராட்டா, பழிப்பா, நடுநிலையா என்பதையும் ஒரு குறியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கம், நமக்குத் தெரியும் என்று நினைக்கும் எளிய சொற்கள்தான் அதிகம் ஏமாற்றுகின்றன. ‘குவாலிஃபை’ என்றால் தகுதி பெறுவது மட்டும் இல்லை. தான் சொன்ன கருத்துக்கு ஒரு வரம்பு போடுவதும் அதுதான். ‘செக்’ என்றால் கட்டுக்குள் வைப்பது, ‘நாவல்’ என்றால் புதுமையானது என்ற பொருளும் உண்டு. தெரிந்த சொல் பொருந்தாமல் நிற்கிறதே என்று தோன்றினால் உடனே அகராதியில் அதன் இரண்டாவது, மூன்றாவது பொருளைப் பாருங்கள். இதற்கு ஒரு தனி நோட்டே போடலாம்.

சரி, மறதிக்கு வருவோம். ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து சோதித்து, 1885-இல் முடிவுகளை வெளியிட்டார். படித்ததில் பெரும்பகுதி முதல் சில மணி நேரங்களிலேயே நழுவுகிறது, பிறகு மறதியின் வேகம் குறைகிறது என்று அவர் கண்டார். பொருளற்றவை என்பதைக் கவனியுங்கள். வாக்கியம் இல்லாத பட்டியலும் ஏறக்குறைய அப்படித்தான். அதனால் ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்துச் சொல் போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை எழுதுங்கள்: ஒரு பக்கம் அந்தச் சொல் வரும் இடத்தை வெற்றிடமாக விட்ட வாக்கியம், மறுபக்கம் சொல். வெற்றிடத்தைப் பார்த்து, மறுபக்கம் திருப்பாமல் சொல்லை நினைவிலிருந்து இழுக்க வேண்டும். திரும்பத் திரும்ப வாசிப்பது தெரிந்தது போன்ற மயக்கத்தைத் தரும். இழுத்து எடுப்பதுதான் நிலைக்கும். சரியாகச் சொன்ன அட்டையை மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், இரண்டு வாரம் என்று தள்ளித் தள்ளிப் பாருங்கள். தவறினால் மீண்டும் முதல் நாளுக்கு வரட்டும். ‘ஆங்கி’ போன்ற செயலிகள் இந்தக் கணக்கைத் தாமே பார்த்துக்கொள்ளும்.

வேர்ச்சொல், முன்னொட்டு படிக்கலாமா என்று பலர் கேட்பார்கள். படிக்கலாம், ஊகத்துக்கு உதவும். ஆனால் அதை மட்டும் நம்பி விடை போட வேண்டாம். ‘இன்வேல்யுவபிள்’ மதிப்பற்றது இல்லை, விலைமதிப்பற்றது. ‘எனர்வேட்’ காதுக்கு ‘எனர்ஜி’ போல ஒலிக்கும். பொருளோ வலுவிழக்கச் செய்வது.

அப்புறம், தேர்வு அறைக்கான பழக்கம். ஒரு பத்தி இப்படி வருகிறது என்று வையுங்கள்: ‘அந்த ஆய்வாளரின் முடிவை முதலில் பலர் நம்பவில்லை. ஆனால் பிற குழுக்களின் சோதனைகளும் அதை ____, ஐயம் நீங்கியது.’ விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, அந்த இடத்தில் என்ன வர வேண்டும் என்று தமிழிலேயே சொல்லிப் பாருங்கள். ‘உறுதிப்படுத்தின’ என்று வந்துவிடும். எதை வைத்துச் சொன்னீர்கள்? ‘ஆனால்’, ‘ஐயம் நீங்கியது’ என்ற இரண்டு தடயங்கள். இப்போது கையை எடுங்கள்: ‘ரெஃப்யூட்’, ‘அப்ஸ்க்யூர்’, ‘கரோபரேட்’, ‘எமுலேட்’. மறுப்பது, மங்கச் செய்வது, பின்பற்றி நடப்பது மூன்றும் விலகும். ‘கரோபரேட்’ தெரியாவிட்டாலும் எஞ்சுவது அதுதான். விடைகளை முதலில் பார்த்தால், பரிச்சயமான சொல் கையைப் பிடித்து இழுத்துவிடும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, ஆகவே எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடாதீர்கள்.

புதிய சொற்களை எங்கிருந்து எடுப்பது? தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் ‘புளூபுக்’ செயலியில் முழு மாதிரித் தேர்வுகள் இலவசமாக உள்ளன. அவற்றில் நீங்கள் தடுமாறிய சொற்களே உங்களுக்கான பட்டியல். சரியான விடை மட்டும் இல்லை, மற்ற மூன்றும் அட்டையாக வேண்டும். அதோடு தினமும் 20 நிமிடம் அறிவியல், வரலாறு, சமூகம் பற்றிய ஆங்கிலக் கட்டுரை வாசியுங்கள். தேர்வுப் பத்திகள் இந்த வகையில்தான் இருக்கும், கூடவே இலக்கியமும் வரும். ஒரு கட்டுரைக்கு மூன்று, நான்கு சொல்லுக்கு மேல் குறிக்க வேண்டாம். குறித்துக்கொண்டே போனால் வாசிப்பு நின்றுவிடும்.

கடைசிப் பத்து நாளில் புதுச் சொல் எதையும் சேர்க்காதீர்கள். தவறிய அட்டைகளும் இரண்டு முழு மாதிரித் தேர்வும் போதும்.