செப்புக் கேபிளிலும் ஃபைபரிலும் சிக்னல் எவ்வளவு தூரம் வரை நம்பிப் போகும்?

கேபிளின் பெயரை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. எந்த வேகத்தில் ஓட்டப் போகிறீர்கள், இரு முனையிலும் என்ன மாட்டப் போகிறீர்கள் என்பதும் தெரிய வேண்டும்.

ஈதர்நெட் செப்புக் கேபிளுக்கு 100 மீட்டர் என்பது பலருக்கும் தெரியும். அதில் 90 மீட்டர்தான் சுவர் வழியாக ஓடும் ஒற்றைக் கம்பிக் கேபிள். மிச்ச 10 மீட்டர் இரு பக்கப் பேட்ச் கார்டுகளுக்கு, அதாவது சாதனத்தில் மாட்டும் குட்டைக் கேபிள்களுக்கு. பேட்ச் கார்டு பல இழைக் கம்பி. அதே நீளத்தில் சிக்னலை அதிகமாக இழக்கும். அதனால் பேட்ச் கார்டையே 60, 70 மீட்டர் இழுக்காதீர்கள். செப்புக் கேபிளின் தர வரிசையைக் கேட் என்ற எண்ணால் சொல்வார்கள். 1 ஜிகாபிட்டுக்கு கேட் 5இ 100 மீட்டர் வரை போதும். 10 ஜிகாபிட் என்றால் கேட் 6 அதிகபட்சம் 55 மீட்டர். பல கேபிள்களை நெருக்கிக் கட்டினால் 37-க்குக்கூட இறங்கும். 100 மீட்டரும் வேண்டுமானால் கேட் 6ஏ. கேட் 8-ல் 25, 40 ஜிகாபிட் ஓடும், ஆனால் 30 மீட்டர்தான்.

எல்லையைத் தாண்டியதும் லிங்க் செத்துவிட்டால் நல்லது. ஆனால் அப்படி நடப்பதில்லை. 120 மீட்டரிலும் விளக்கு எரியும், உள்ளே சிஆர்சி பிழைகள் (தரவு வழியில் சிதைந்ததைக் காட்டும் எண்ணிக்கை) ஏறிக்கொண்டிருக்கும். வெயிலில் கூரைக்கடியில் சூடேறினால் கம்பியின் தடை கூடி நிலைமை இன்னும் மோசமாகும். கேபிளுக்குள் முறுக்கிய கம்பி ஜோடிகள் 4 இருக்கும். 1 ஜிகாபிட்டுக்கு 4 ஜோடிகளும் தேவை. 100 மெகாபிட்டுக்கு 2 போதும். ஆகவே லிங்க் திடீரென 100-க்கு இறங்கினால் முதலில் ஒரு ஜோடியைச் சந்தேகியுங்கள். முனையில் ஒரு கம்பி சரியாகப் பதியாமல் இருப்பது வழக்கமான காரணம். அங்கே முறுக்கையும் 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள்.

செம்பு பூசிய அலுமினியக் கேபிளை வாங்கவே வாங்காதீர்கள். அதன் தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கேமராவுக்கு அதே கேபிளில் மின்சாரமும் அனுப்பினால் கடைசி முனையில் மின்னழுத்தம் போதாது. நல்ல செம்பிலேயே பழைய பிஓஇ (ஈதர்நெட் கேபிள் வழியே மின்சாரம்) தரம் 15.4 வாட் அனுப்பி, சாதனத்துக்கு 12.95 வாட்தான் உறுதியளிக்கிறது. நடுவில் போவது கேபிள் தின்பது.

ஃபைபர் என்பது ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழை. அதில் அகன்ற உள்ளகம் கொண்ட மல்டிமோடு வகைக்கு எல்லை வைப்பது பெரும்பாலும் சிதறல்தான். ஒளி பல பாதைகளில் போய் வெவ்வேறு நேரத்தில் சேர்வதால் துடிப்புகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். மல்டிமோடின் தரங்கள் ஓஎம்1, ஓஎம்2 என்று போகும். வழக்கமான குறுந்தூர 10 ஜிகாபிட் மாட்யூலுக்கு (ஃபைபர் முனையில் மாட்டும் ஒளி அனுப்பி-வாங்கி) ஓஎம்1-ல் 33 மீட்டர், ஓஎம்2-ல் 82, ஓஎம்3-ல் 300, ஓஎம்4-ல் 400. பழைய கட்டடத்தில் ஓஎம்1 கிடந்தால் இந்த மாட்யூலில் நீண்ட தூர 10 ஜிகாபிட் ஆசையை அங்கேயே விட்டுவிடலாம்.

ஒளி ஒரே பாதையில் போகும் சிங்கிள்மோடு ஃபைபரில் டெசிபல் (ஒளி இழப்பின் அளவு) கணக்கு போட்டே ஆக வேண்டும். 10 ஜிகாபிட் எல்ஆர் (நீண்ட தூர) மாட்யூலின் பவர் பட்ஜெட், அதாவது வழியில் இழக்க அனுமதிக்கும் அளவு, 6.2 டெசிபல். 8 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 0.4 வீதம் 3.2, இரண்டு கனெக்டர் 0.5 வீதம் 1. மூன்று ஸ்ப்ளைஸ் (இழையை உருக்கி ஒட்டிய இடம்) 0.1 வீதம் 0.3. மொத்தம் 4.5, கையிருப்பு 1.7. ஒரு கனெக்டரின் முகத்தில் தூசி படிந்தாலே அந்தக் கையிருப்பு கரைந்துவிடும். மாட்டும் முன் ஒவ்வொரு முறையும் துடையுங்கள், முடிந்தால் கனெக்டர் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பில் பாருங்கள். பச்சை ஏபிசி கனெக்டரை நீல யுபிசியில் சொருகாதீர்கள்: ஏபிசியின் முகம் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால் நடுவில் இடைவெளி விழுந்து இழப்பு எகிறும்.

40 கிலோமீட்டருக்கு ஈஆர் மாட்யூல், 80-க்கு இசட்ஆர் வகை. இவை 1550 நானோமீட்டரில் வேலை செய்கின்றன. அங்கே இழப்பு கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல் அளவில்தான் என்றாலும் நிறச்சிதறல் (வெவ்வேறு அலைநீள ஒளி வெவ்வேறு வேகத்தில் போவது) அதிகம். நீண்ட தூர மாட்யூலை மேசை மேல் 2 மீட்டர் கார்டில் நேராகச் சோதிக்க வேண்டாம். ஒளி மிகுந்து ரிசீவர் திணறும், பழுதாகவும் கூடும். நடுவில் ஒளியைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் போட்டு, மாட்யூலே காட்டும் பெறும் ஒளி அளவு அதன் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓட விடுங்கள்.