கழற்றிய பாகங்கள் பட்டறைக்கா, கார் உரிமையாளருக்கா?

கேள்வி: அப்பா 1966இல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் பழையபடி ஆக்கித் தரச் சொல்லி ஒரு பட்டறையில் விட்டேன். 3 லட்சம் பேசி, 2 லட்சம் கொடுத்தேன். 14 மாதம் கழித்துப் பார்த்தால் இன்ஜினையே மாற்றியிருக்கிறார்கள். மீட்டர், ஸ்டீயரிங், ஹெட்லைட் வளையம் எல்லாம் புதிது. கேட்டால், "கழற்றிய சாமான் பட்டறைக்குத்தான், அதுதான் வழக்கம்" என்கிறார். மொத்தம் 4.75 லட்சமும் ஷெட் வாடகையும் கொடுத்தால்தான் காரை விடுவாராம். விண்டேஜ் பதிவு வாங்க நினைத்திருந்தேன். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: அப்படி ஒரு வழக்கம் சட்டத்தில் இல்லை. காரை வேலைக்கு விட்டால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி அது ஒப்படைப்பு. பட்டறைக்காரர் கையில் இருப்பது பொருள் மட்டும்தான். உரிமை உங்களுடையது. காரிலிருந்து கழற்றிய ஒவ்வொரு திருகாணிக்கும் இது பொருந்தும். "பழசை வைத்துக்கொள்ளுங்கள்" என்று நீங்கள் சொல்லாதவரை, வேலை முடிந்ததும் அவர் திருப்பித் தந்தாக வேண்டும் (பிரிவு 160).

"மீட்டருக்கு எவ்வளவு ஆகும், கொடுத்துவிடுகிறேன்" என்று அவர் சொல்லக்கூடும். ஒத்துக்கொள்ளாதீர்கள். ஹெரால்டு உற்பத்தி நின்று பல காலமாகிறது. உங்கள் காரோடு பிறந்த இன்ஜினுக்குக் கடையில் விலை கேட்க முடியாது. பணம் போதுமான ஈடாகாத பொருளை, அந்தப் பொருளாகவே திருப்பித் தரும்படி உத்தரவிடக் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், 1963இன் 8ஆம் பிரிவு வழிசெய்கிறது. அதனால் பட்டறைக்காரருக்கு அனுப்பும் நோட்டீஸில் முதல் கோரிக்கை பாகங்களாகவே இருக்கட்டும், இழப்பீட்டை மாற்றுக் கோரிக்கையாகக் கேளுங்கள். காயலான் கடைக்கோ வேறு கார்காரருக்கோ விற்றுவிட்டார் என்று தெரிந்தால், அது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவின் கீழ் நம்பிக்கை மோசடி. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வையுங்கள்.

சரி, காரைப் பிடித்து வைக்கலாமா? ஓரளவுக்கு முடியும். உழைப்பும் திறனும் செலுத்தியவர் கூலி வரும்வரை பொருளை வைத்துக்கொள்ளலாம் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைத்தான் அந்தச் சட்டமே உதாரணமாகக் காட்டுகிறது. ஆனால் எந்த நோக்கத்துக்காகக் கொடுத்தீர்களோ, அதற்குட்பட்ட வேலைக்கு மட்டுமே அந்த உரிமை உண்டு. பழையபடி ஆக்கச் சொன்ன காரில், கேட்காமல் வேறு இன்ஜினை வைத்தது அந்த நோக்கத்துக்கே எதிரானது. ஷெட் வாடகையும் அந்தக் கூலிக்குள் வராது. என் யோசனை: பேசிய தொகையில் மீதி 1 லட்சத்தை "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதி, வங்கி வழியாகச் செலுத்தத் தயார் என நோட்டீஸிலேயே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகும் காரை நிறுத்தி வைத்தால் அவர் பக்கம் பலவீனமாகிவிடும்.

விண்டேஜ் பதிவுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த பகுதியின்படி, முதல் பதிவுக்குப் பின் 50 ஆண்டு கடந்த, அசல் வடிவில் இருக்கும் வண்டிக்குத்தான் விண்டேஜ் பதிவு கிடைக்கும். சேசிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் மாற்றம் செய்திருக்கக்கூடாது. டயர், பிரேக் ரப்பர், பீடிங் போல தேய்ந்துபோகும் சாமான்கள் வேறு கதை, அவை இந்த மூன்றில் சேராது. உங்களுக்கு இடறப்போவது இன்ஜின்தான். அதனால் அதே எண்ணுள்ள பழைய இன்ஜினைத் தேடிப் பிடித்து மாட்டாமல் 20,000 ரூபாய் கட்டணம் கட்டி விண்ணப்பிக்காதீர்கள். மாட்டும்வரை காரை ரோட்டிலும் எடுக்க வேண்டாம். ஆர்.சி.யில் ஒரு எண், வண்டியில் வேறு எண் என்றால் பதில் சொல்ல வேண்டியவர் மெக்கானிக் அல்ல, உரிமையாளரான நீங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு செய்த வேலை என்பதால் சேவைக் குறைபாடாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். பட்டறை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் சேலத்திலேயே மனு போடலாம். கெடு இரண்டு ஆண்டு. பாகங்களை இன்னும் விற்காமல் வைத்திருந்தால், சிவில் நீதிமன்றத்தில் 8ஆம் பிரிவு வழக்கோடு, தீர்ப்பு வரும்வரை விற்கத் தடையும் கேட்பதுதான் நல்லது.

நோட்டீஸ் போகும் முன் ஒருமுறை பட்டறைக்குப் போய், சேசிஸ் எண்ணையும் இப்போதுள்ள இன்ஜின் எண்ணையும் தேதி தெரியும்படி படமெடுங்கள். வீட்டு ஆல்பத்தில் அந்தக் காரின் டாஷ்போர்டு தெரியும் பழைய போட்டோ ஏதாவது இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். எந்த மீட்டர் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.