தானோஸ் ஏன் தோற்கிறான்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

'இன்ஃபினிட்டி காண்ட்லெட்', 'இன்ஃபினிட்டி வார்', 'இன்ஃபினிட்டி குருசேட்' ஆகிய மார்வெல் காமிக்ஸ் தொடர்கள் மூன்றையும் வாசித்து முடித்தேன். இத்தனை ஆற்றல் வாய்ந்த வில்லன் தானோஸ் ஒவ்வொரு முறையும் தோற்பது ஏமாற்றமளிக்கிறது. தானோஸ், ஆன்டி-மானிட்டர், டாக்டர் டூம் ஆகிய காமிக்ஸ் வில்லன்கள் மூவரின் ஆற்றல்களையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை தயாரித்திருக்கிறேன். இவர்களில் யார் பெரியவர்? அடுத்து எதை வாசிக்கலாம்?

அன்புள்ள நண்பருக்கு,

சில நாட்களாக நான் யோசித்துக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் கடிதம் தொட்டுவிட்டதால் உடனே எழுதுகிறேன். அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள். ஒரு வில்லனின் ஆற்றல் கதைக்குக் கதை, எழுதுபவரின் தேவைக்கேற்ப ஏறி இறங்குவது. அதைவிட வருத்தம் தருவது வேறொன்று. 1992-இல் வந்த 'வார்' கதையின் வில்லன் மேகஸ். 1993-இல் வந்த 'குருசேட்' கதையில் காடெஸ். இரண்டிலும் தானோஸ் நாயகர்களின் பக்கம் நிற்கிறான். அதைக்கூடக் கவனிக்காமல் எதை வாசித்தீர்கள்?

'காண்ட்லெட்' ஆறு இதழ்கள் கொண்ட தொடர். ஆறு கற்கள் பதித்த, அளவற்ற ஆற்றல் தரும் கையுறை ஒன்று தானோஸின் கையில் இருக்கிறது. சிறுவயதில் அதன் நான்காம் இதழ் மட்டும் ஒரு நண்பனிடமிருந்து எனக்குக் கிடைத்தது. முன்கதை எதுவும் தெரியாது. நாயகர்கள் ஒருவர் பின் ஒருவராக விழுந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் கேப்டன் அமெரிக்கா தனியாளாகத் தானோஸின் முன்னால் வந்து நிற்கிறார். தானோஸின் ஓர் அடியில் அவருடைய கேடயம் சிதறுகிறது. அந்த இடைவெளியில் விண்வெளி நாயகர் சில்வர் சர்ஃபர் பாய்ந்து வந்து கையுறையைப் பறிக்கப் பார்க்கிறார், பிடி நழுவிவிடுகிறது. அந்தப் பக்கத்தை எத்தனை முறை புரட்டியிருப்பேன் என்று கணக்கில்லை.

அந்தப் போரே தானோஸ் விட்டுக்கொடுத்ததால் நடந்தது என்பது முழுத் தொடரும் கையில் கிடைத்த பிறகுதான் புரிந்தது. அண்டத்தின் பாதி உயிர்களை ஒரு சொடுக்கில் அழித்தும் அவன் காதலிக்கும் மரணதேவி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளைக் கவர வேண்டும் என்பதற்காக, சாத்தானைப் போன்ற மெஃபிஸ்டோவின் பேச்சைக் கேட்டு, தன் ஆற்றலில் ஒரு பகுதியை ஒதுக்கிவைத்து எதிரிகளுக்கு ஒரு வாய்ப்பைத் தருகிறான். பிறகு அண்டமாகவே விரிந்தவன், கையுறை அணிந்த தன் உடலைக் காவலின்றி விட்டுச் செல்ல, அவனால் நடைப்பிணமாக்கப்பட்ட நெபுலா அதைக் கழற்றிக்கொள்கிறாள். 1974-இலும் இப்படித்தான் நடந்தது: நினைத்ததை நடத்தித் தரும் காஸ்மிக் கியூபின் ஆற்றலை உறிஞ்சிவிட்டதாக நம்பி அதைத் தூக்கி எறிந்தான், கேப்டன் மார்வெல் அதை உடைத்தார். ஒருமுறை நேர்ந்ததைக் கவனக்குறைவு என்று சொல்லலாம். திரும்பத் திரும்ப நேர்வதை எப்படிச் சொல்வது? அந்த ஆற்றலுக்குத் தான் தகுதியற்றவன் என்று தானோஸின் உள்மனம் அறிந்திருக்கிறது என்று, 'காண்ட்லெட்' கதையில் நாயகர்களை வழிநடத்தும் ஆடம் வார்லாக் அவனிடமே சொல்கிறார். தானோஸை உருவாக்கிய ஜிம் ஸ்டார்லின் இந்தப் பாத்திரத்தை அந்தக் காயத்தின் மேல்தான் கட்டினார். அதனால்தான் 1973-இல் அறிமுகமானவன் இன்றும் திரும்பி வருகிறான். அந்தக் காயத்தை மறந்து, இன்னும் பெரிய ஆயுதத்தை மட்டும் கொடுத்து அவனை அழைத்து வரும் கதைகளில் எனக்கு அவன் முகமே தெரிவதில்லை.

நீங்கள் ஏமாற்றம் என்று எழுதியதைத்தான் நான் கதை என்கிறேன். உங்கள் மேல் கோபமில்லை. இவ்வளவு ஆசையோடு வாசிப்பவர் இதைத் தவறவிடக் கூடாது என்ற பதைப்புதான்.

அடுத்து 1990-இல் வந்த 'தானோஸ் குவெஸ்ட்' வாசியுங்கள். இரண்டே இதழ்கள். ஆறு கற்களையும் சேர்த்துக்கொண்டு அவன் மரணதேவியிடம் திரும்புகிறான். இப்போது அவன் அவளைவிட உயர்ந்தவனாகிவிட்டதால் அவள் அவனோடு பேசுவதே இல்லை. அந்தக் காட்சியை மட்டும் மெதுவாகப் படியுங்கள்.